மழைக்குக் காலி செய்த கட்டில்கள்

ஐப்பசி 4, திங்கள்
வெயில் சுள்ளென்று. ஐப்பசி வெயிலை நம்ப முடியாது. மேலிடத்து உத்தரவு: அடைமழை பிடிக்கும் முன் அவசர வார்டில் பாதிக் கட்டிலாவது காலியாக இருக்க வேண்டும். நியாயம்தான். போன மழைக்குப் பேதியும் பாம்புக்கடியுமாக ஒரு கட்டிலுக்கு இருவர், மிச்சம் பேர் தரையில்.
வாங்க வேண்டியவை: குளூக்கோஸ், பாம்புக்கடி மருந்து, பிளீச்சிங் பவுடர், லாந்தர். ஓடு ஒழுகுகிறது, பொதுப்பணித்துறைக்குச் சொல்லியாச்சு. வருவார்கள், தை மாசம்.
கடைத்தெருவில் சிவப்புக் கொடி ஊர்வலம். கூலி அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு.

ஐப்பசி 6, புதன்
தீபாவளி வருகிறது, நோயாளிகள் எல்லோரும் தாமாகவே வீட்டுக்கு ஓடுகிறார்கள். மூன்றாம் கட்டில் சின்னப்பொண்ணு மட்டும் கிளம்பவில்லை. நடவு வேலைக்காரி, தலைப்பிரசவம், எட்டு மாதம். கால் வீக்கம், ரத்த அழுத்தம். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது.
“மழ புடிச்சா எங்க தெருவ விட்டு வர முடியாதுங்கம்மா. கூலி கேட்டோம்னு மிராசுதாரு வரப்புல முள்ளு அடைச்சிட்டாரு. வாய்க்கால்ல எறங்கித்தான் வரணும்.”
“வலி வந்தா பாத்துக்கலாம். இங்க எடமில்லம்மா, மழைக்கு ஆள் குவிஞ்சிடும்.”
பாயைச் சுருட்டிக்கொண்டு போனாள். நான் கொஞ்சம் சிடுசிடுத்துவிட்டேன். பசி வேளை.

ஐப்பசி 9, சனி
மழை. காலிக் கட்டில்களுக்கு ரோஸ் சிஸ்டர் சலவை விரிப்பு போட்டாள். எல்லாம் தயார். கொஞ்சம் பெருமைகூட.

ஐப்பசி 11, திங்கள்
விடாத மழை. சாலை உடைப்பு, பஸ் இல்லை. வார்டுக்கு ஒருவரும் வரவில்லை.
“ஆளே காணோம். நல்லதுதானே டாக்டர்?” என்கிறாள் ரோஸ்.
நல்லதில்லை. வர வேண்டியவர்கள் எல்லாம் தண்ணீருக்கு அந்தப் பக்கம். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? சின்னப்பொண்ணுதான் சொன்னாளே.

ஐப்பசி 12, செவ்வாய்
காலையில் சின்னப்பொண்ணு புருஷன் வந்தான். இடுப்புவரை சேறு. அவளுக்கு நேற்றிலிருந்து தலைவலி, கண் மங்கலாம்.
“அவள ஏம்ப்பா கூட்டிட்டு வரல?”
“கட்டிலு காலியா இருக்கான்னு பாத்துட்டு வரச் சொல்லுச்சுங்கம்மா. எடமில்லன்னா தூக்கிட்டு வந்து என்ன பண்றது?”
வார்டுக்குள் எட்டிப் பார்த்தான். வரிசையாக வெள்ளை விரிப்பு. ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டிருக்கலாம்.
வாழைமரத் தெப்பம் கட்டிப் போனோம். என்னைக் கண்டதும் மிராசுதார் ஆட்களே முள்ளை விலக்கினார்கள். டாக்டரம்மாவுக்கு வழி உண்டு.
போய்ச் சேரும் முன்பே வலிப்பு வந்து ஓய்ந்திருந்தது. அங்கேயே பிரசவம் பார்த்தேன்; பெண் குழந்தை பிழைத்தது. அவள் பிழைக்கவில்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை, “இரும்மா” என்று சொல்லியிருந்தால் போதும்.

ஐப்பசி 14, வியாழன்
மழை விட்டது. குழந்தை மூன்றாம் கட்டிலில். சர்க்கரைத் தண்ணீர் இறங்குகிறது. இதைப் போகச் சொல்ல மாட்டேன், யார் உத்தரவு போட்டாலும்.
மத்தியானம் மேலிடத்திலிருந்து ஜீப்பில் ஒருவர். வார்டைச் சுற்றிப் பார்த்தார்.
“பரவால்லியே டாக்டர், சொன்ன மாதிரியே காலியா வச்சிருக்கீங்க.”