ஏழு நாள் தண்ணீர்

உ
சிவமயம்

கூர், சுவிஸ்
22.3.1987, ஞாயிறு

அன்பின் கௌரிக்கு,

நானும் அறை நண்பன் சிவநேசனும் இங்கே நல்ல சுகம். நீரும் பிள்ளை பத்மினியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதை உம்முடைய கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

மார்கழியில் நீர் எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. நாலு வரிக்கு மேல் எழுத முடியாதபடி அப்படி என்ன வேலை என்பது ஒன்று. குண்டுபோடும் விமானச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுச் சனமும் எங்கள் சமையலறைக்குள் வந்து இருக்கிறது, மேலே போட்ட கொங்கிறீற் தாங்குமோ என்பது மற்றது. இரண்டுக்கும் இன்றைக்குத்தான் பதில் எழுத முடிகிறது. கோபத்தோடு இருப்பீர் என்று தெரியும். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபியும்.

கார்த்திகை நடுவில் எங்கள் கொம்பனிக்கு அந்த வருடத்தின் கடைசி வேலை வந்தது. கடுஃப் அம்மா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் வீட்டில், தெருவிலிருந்து கராஜ் வரைக்கும் கார் போகக் கொங்கிறீற் தளம். ஊரில் பதினொரு வருடம் மேசன் வேலை செய்த எனக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். இவர்களோ முழங்காலுக்கு மேல் தோண்டி, சரளைக் கல் கொட்டி, அடுக்கடுக்காக மெசினால் இடித்து இறுக்கினார்கள். அடியில் தண்ணீர் நின்றால் குளிரில் ஐஸாகிப் பொங்கித் தளத்தையே தூக்கிவிடுமாம். கலவைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் நிற்கும்படி ஒரு மருந்து சேர்த்தார்கள். காற்று நிற்கக் கூடாது என்றுதானே ஊரில் கம்பியால் குத்திக் குத்தி எடுப்போம்! அன்று சிவநேசனிடம் சொல்லிச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை போட்டு முடித்து, தும்புத்தடியால் கூட்டுவதுபோலக் கோடு இழுத்து மேலே சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக் விரித்து, தடித்த பாய்களால் மூடிவிட்டு வந்தோம். திங்கள் வரை ஒருவரும் தொடக் கூடாது என்றார் எங்கள் போர்மன் றேமோ. அவர் இத்தாலிக்காரர்.

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கொங்கிறீற்றைப் போட்டு, தண்ணீர் விடாமல் வந்தது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. இவர்களுக்குத் தெரியவில்லை, வெடிக்கப்போகிறது, என் கை பட்ட வேலை என்று மனம் அரித்தது. மத்தியானம் தனியாகப் போனேன். பாய்களையும் பிளாஸ்டிக்கையும் சுருட்டி ஒதுக்கினேன். தோட்டத்து மண்ணைக் குழைத்துச் சுற்றிவர வரம்பு கட்டினேன். பூக்கன்றுக்கு ஊற்றும் வாளியோடு குழாயடிக்கும் தளத்துக்குமாக நடந்து, விரலளவு தண்ணீர் நிற்கும்வரை நிரப்பினேன். எவ்வளவு நிம்மதியோடு வந்து படுத்தேன் தெரியுமோ? மடையன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு றேமோ வந்து கதவைத் தட்டினார். கடுஃப் அம்மா அவருக்குப் போன் எடுத்திருக்கிறார். போய்ப் பார்த்தால் தளம் முழுக்க ஐஸ். யார் செய்தது என்று றேமோவுக்குத் தெரியாது. பேசாமல் நின்றிருக்கலாம், ஆனால் நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஏழு நாள் தண்ணீர் விடாவிட்டால் வெயிலில் காய்ந்து வெடிக்கும் என்று எனக்குத் தெரிந்த டொச் பாஷையில் சொன்னேன். அவர் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் வானத்தைக் காட்டி, இங்கே எங்கே வெயில் என்றார்.

அன்று முழுவதும் இரண்டு பேருமாக வரம்பை உடைத்து, ஐஸைச் சுரண்டி, மேலே கூடாரம்போலப் படங்கு கட்டி, உள்ளே காஸ் ஹீற்றர் வைத்துச் சூடாக்கினோம். புதுக் கொங்கிறீற் தண்ணீரைக் குடித்து உறைந்தால் உடனே தெரியாதாம். பனி கரையும்போதுதான் மேல்தோல் சுண்ணாம்பு உரிவதுபோல உரியுமாம். உரிந்தால் எல்லாவற்றையும் உடைத்து மறுபடி போட வேண்டும், முதலாளிக்கு மறைக்க முடியாது, பனி போகட்டும், பார்ப்போம் என்றார் றேமோ. குளிர்காலம் முடிய என்னைத் திரும்ப எடுப்பதாக முதலாளி கடிதம் கொடுத்தால்தான் கன்ரோன் என்கிற மாநில அலுவலகம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கும். வேலையில்லாதவர்களைத்தான் முதலில் திருப்பி அனுப்புவார்கள் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் கதைத்தார்கள். உங்களைக் கூப்பிடும் கதையே அதோடு முடிந்துவிடும். இதை உமக்கு எப்படி எழுதுவது? அதுதான் நாலு வரி.

உம்முடைய மற்றக் கேள்விக்குப் பதில் எழுதவும் எத்தனையோ தரம் பேனையை எடுத்தேன். ஒரு கார்ப் பாதையையே ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவன், நீங்கள் இருக்கிற கூரைக்கு என்ன உத்தரவாதம் சொல்வது என்று திரும்ப வைத்துவிடுவேன்.

பனி கொட்டிய நாளெல்லாம் கூப்பிடாமலே போய் அந்தத் தளத்தைத் துப்புரவாக்கினேன். முதல் குளிரில் ஐஸ் கரைக்க உப்புப் போட்டால் நிச்சயம் உரியும் என்று றேமோ சொல்லியிருந்தபடியால், உப்பு வேண்டாம், மணல் போடுங்கள் என்று கடுஃப் அம்மாவைக் கைகூப்பிக் கேட்டேன். அவர் ஒவ்வொரு முறையும் வால்நட் பருப்பு வைத்த கேக்கில் ஒரு துண்டு வெட்டித் தருவார். குற்றவாளிக்குக் கேக்! வெட்கமாக இருக்கும், ஆனாலும் சாப்பிட்டேன், நல்ல ருசி. அந்த வீட்டில உங்களுக்கு என்னண்ணை அப்பிடி வேலை என்று சிவநேசன் நக்கலடிப்பான். நீர் ஒன்றும் யோசிக்க வேண்டாம், அந்த அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது.

போன வியாழக்கிழமை பனி முழுவதும் கரைந்திருந்தது. றேமோ சுத்தியலோடு வந்து, முழங்காலில் நின்று, ஒவ்வொரு முழமாகத் தட்டித் தட்டிக் காதுகொடுத்தார். கணீர், கணீர் என்றது. கராஜ் மூலையில் மட்டும் சத்தம் மாறி, உள்ளங்கையளவு தோல் உரிந்து வந்தது. அவர் மிச்சத்தையும் தட்டி முடித்து எழும்பி, நான் சிரித்த அந்தக் காற்றுக் குமிழ்கள்தான் என்னைக் காப்பாற்றின என்றார். உறைந்த தண்ணீர் விரிவதற்கு அவற்றுக்குள் இடம் இருந்ததாம். நான் அழுதுவிட்டேன் கௌரி. பிறகு அந்த மூலையைச் சுரண்டிப் பூசிக்கொடுத்தேன்.

அப்போதுதான் கடுஃப் அம்மா வாய் திறந்தார். அந்தச் சனிக்கிழமை யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாராம். வாளியும் கையுமாக நான் அவ்வளவு பக்தியோடு நடந்ததைக் கண்டு, புதுக் கட்டடத்துக்கு எங்கள் சமயத்தில் செய்யும் சடங்கு என்று நினைத்து, குழப்பக் கூடாதென்று திரையை இழுத்துவிட்டாராம். காலையில் ஐஸைக் கண்ட பிறகுதான் பயந்து, யார் செய்தது என்று சொல்லாமல் போன் எடுத்தாராம். றேமோ சிரித்துச் சிரித்துத் தளத்திலேயே இருந்துவிட்டார். முந்தநாள் முதலாளி கடிதத்தில் கையெழுத்து வைத்தார். முப்பதாம் திகதி வேலை தொடங்குகிறது.

இனி உம்முடைய கேள்வி. சமையலறைக் கூரைக்கு நான் கம்பியை நெருக்கமாகத்தான் கட்டினேன். வயிற்றில் பத்மினியோடு, நான் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, ஏணியில் ஏறி ஏழு நாளும் தண்ணீர் விட்டது நீர். எட்டாம் நாளும் விட்டுவிட்டு, இஞ்சேருங்கோ, விட்ட தண்ணி காணுமோ என்று மேலே நின்று கேட்டீர். எங்கள் வெயிலுக்கு அதுதான் சரியான முறை. இங்கே பிழையாய்ப்போனது அங்கே பிழையில்லை என்று நம்ப எனக்கு நாலு மாதம் எடுத்தது. அது நல்ல கொங்கிறீற். தாங்கும்.

ஆனாலும் சத்தம் கேட்டால் நடுவில் இருக்க வேண்டாம். கிணற்றடிப் பக்க மூலையில், சுவரோடு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரும். பக்கத்து வீட்டாரையும் உள்ளே கூப்பிடும், இடம் காணும். நல்லூர் முருகன் உங்கள் எல்லோருக்கும் மேலே நிற்கட்டும்.

இது கிடைத்த அன்றே பதில் போடும். நீளமாக எழுத வேண்டாம். நாலு வரி போதும்.

என்றும் உம்முடைய
குகதாசன்