ஓம் என்ற ஒரே சொல்

மச்சான்,

இன்று காலை நான் வேலை பார்க்கும் வார்ட்டில் தம்பலகாமத்து அம்மா ஒருவர், பக்கவாதம் வந்தவர், ஆமோ இல்லையோ, எதைக் கேட்டாலும் "ஓம்" என்றே சொன்னார். "எங்கள மறந்திட்டீங்களோ அம்மா?" என்று மகள் கேட்டதற்கும் "ஓம்" வந்தது. பிள்ளை சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு முகம் துடைக்க நான் கொடியில் காய்ந்த துவாயை எடுக்கப் போனேன். சவர்க்கார வாசத்தோடு அது கைக்கு வந்ததும் நீயும் வந்துவிட்டாய்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த காலையில் நீ அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை. யுத்தத்தால் கடலுக்குப் போக விடவில்லை என்று கப்பலில் மூட்டை இறக்கப் போனாய். பலகையொன்று பறந்து வந்து தலையின் இடப்பக்கம் அடித்தது. பள்ளிக்கூடமொன்றில் அவசரமாகப் போட்ட ஆஸ்பத்திரியில் நீ கண் திறந்தபோது வலக்கை அசைவற்று விழுந்திருந்தது. வாயில் மிஞ்சியது "ஓம்" மட்டும்.

அங்கே நான்தான் மொழிபெயர்ப்பாளன். நிலாவெளியில் உன் கரைவலைத் தோணியில் தண்டு வலித்தவன், கொஞ்சம் இங்கிலீசு தெரிந்ததால் காற்சட்டைக்கு உயர்ந்திருந்தேன். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. மூளையில் அடிபட்டவர்களின் பேச்சை ஆராய்ந்து கொப்பியில் எழுதிவந்த வெள்ளைக்கார டொக்டர் சொல்லச் சொல்ல, நான் உன்னிடம் கேட்டேன்.

"தலைக்குள்ள ஆரும் கதைக்கிற மாதிரி இருக்கோ?"

"ஓம்."

"ஆக்களுக்கு அடிக்கோணும் போல வருதோ?"

"ஓம்."

பிசகில்லாமல் மொழிபெயர்த்தேன். புத்தி கலங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை ரயிலில் கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று அவர் எழுதினார். அங்கே போன எங்கள் ஊர் ஆள் எவரும் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

வியாழன் காலை உன்னைக் குளிப்பாட்டினேன். "இன்னும் சுடுதண்ணி ஊத்தட்டோ?" என்றேன். "ஓம்" என்றாய். அதே நேரம் உன் இடக்கை தோளில் கிடந்த துவாயை இழுத்துத் தாழக் குறுக்கே வீசியது. வாளியோடு என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. யோசித்து நிறுத்தவில்லை. கரையில் நின்று மீன்கூட்டம் பார்த்துத் தோணிக்குத் துவாய் காட்டுகிறவன் நீ. தலைக்கு மேல் தூக்கினால் வலையை விடவேண்டும், தாழ வீசினால் விடக்கூடாது. அதைப் பார்த்தே வருடக்கணக்காகத் தண்டை நிறுத்திய கை இது.

"நான் உன்ர தம்பியோ?"

"ஓம்." துவாயைத் தாழ வீசினாய்.

"உன்ர மனுசிக்கு ஊர் நிலாவெளியோ?"

"ஓம்." துவாய் மேலே போனது.

"உனக்குப் பைத்தியமோ, மச்சான்?"

"ஓம்" என்றபடியே துவாயை நிலத்தில் அறைந்தாய். இரண்டு பேரும் அழுதோம்.

டொக்டரிடம் ஓடினேன். "நான் இவன்ர வாயை மட்டும்தான் பாத்தனான், ஐயா. பிழை என்ர" என்றேன். அவர் தானே வந்து, துவாயை உன் கையில் கொடுத்து, என்னைக் கொண்டு இருபது கேள்வி கேட்டார். ஒன்றுகூடப் பிசகவில்லை. விளங்குவதெல்லாம் விளங்குகிறது, சொல்லை வெளியே எடுக்கத்தான் ஏலாது என்று கொப்பியில் திருத்தி எழுதிவிட்டு ரயில் கடுதாசியைக் கிழித்தார்.

பிறகு நாள்தோறும் பயிற்சி. சில மாதம் கழித்து, "என்ர இங்கிலீசாலதானே நீ தப்பினனீ?" என்று பகிடி விட்டேன். நீ வாயைக் கோணி, வியர்த்து விறுவிறுத்து, "இல்லை" என்றாய். புதிதாக வந்த முதல் சொல். அதை டொக்டருக்கு மொழிபெயர்க்க ஓடினேன்.

அதன்பின் நாற்பது ஐம்பது சொல்லை வைத்துக்கொண்டே பதினெட்டு வருடம் கரையில் எல்லாரோடும் சண்டை பிடித்தாய். போன வருடம் செத்துப் போய்விட்டாய். நீ இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை, மச்சான்.

இன்று அந்த அம்மாவின் இடக்கையில் துவாயைக் கொடுத்தேன். தூக்கிக் காட்டினேன், தாழ வீசிக் காட்டினேன். இரண்டு மூன்று தரம் செய்து பழகினார். பிறகு மகளைத் திரும்பவும் கேட்கச் சொன்னேன்.

"எங்கள மறந்திட்டீங்களோ அம்மா?"

"ஓம்" என்றார் அம்மா. இடக்கை துவாயைத் தாழக் குறுக்கே வீசியது. ஒரு தரமல்ல, மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை.