கட் சொன்ன பிறகும் ஓடிய டேப்

வெள்ளி, இரவு.

எஸ்டேட் ஆட்கள் அந்தக் காலத்தில் எடுத்த பேய்ப்படத்தின் டேப்பை இன்று கணினியில் ஏற்றினேன். சேலை கட்டிப் பேயாக நடித்தவர் என் மாமா செல்வம். அன்றோடு காணாமல் போனவர்.

கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. மாமா தேயிலைக்குள் நடந்துகொண்டே போகிறார்.

“டேய் செல்வம், படம் முடிஞ்சிருச்சு லா, வாடா!”

திரும்பவில்லை.

“அடியே செல்வி!” என்று ஒருவன் கேலியாகக் கத்தினான்.

உடனே திரும்பிச் சிரித்தார். மூடுபனி மறைத்துவிட்டது.

“அந்தக் கடைசித் துண்ட அழிச்சிருய்யா, மானம் போயிரும்,” என்றார் கூடவே பார்த்துக்கொண்டிருந்த அம்மா.

அழிக்கவில்லை. மாமா சிரித்து வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

வெளியே லயத்து வீடுகளில் நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. பேயை நம்புகிறவனில்லை நான். சும்மாதான் ஜன்னலைத் திறந்து, “செல்வி” என்றேன்.

லயத்து நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டன.