பகலில் அந்தி இறங்கும் அறை

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன். முதலில் செய்தி.

இன்று பிற்பகல் உறுதியானது இது: உங்கள் கொசு அறைக்குப் பணம் கேட்ட கோப்பு நிராகரிக்கப்படவில்லை. சொன்னவர் நிதித்துறைத் துணைச் செயலர். அந்த அம்மாள் கோப்பை என் எதிரிலேயே திறந்து படித்துச் சொன்னார். ‘நிறுத்திவைப்பு’ என்றுதான் எழுதியிருக்கிறது. நிராகரிப்பு வேறு, நிறுத்திவைப்பு வேறு என்று இரண்டு தரம் சொன்னார், ஏதோ எனக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல.

காரணமும் தெரிந்துவிட்டது. தொற்றுநோய் ஆராய்ச்சிக்கான புதிய ஐந்தாண்டுத் திட்டத்தில் உங்கள் கொசுக்கள் ‘உபகரணங்கள்’ என்ற தலைப்பில் இருக்கின்றன. மைக்ராஸ்கோப், குளிர்பெட்டி, அடுத்தது நீங்கள் வளர்க்கும் கொசு. தணிக்கை முடியும்வரை எந்த உபகரணத்துக்கும் பணம் விடக்கூடாது என்று பொது உத்தரவு போட்டிருக்கிறார்கள். யாரையும் திட்ட வழியில்லை. உபகரணம் என்றால் பணம் சீக்கிரம் வரும் என்று ஒரு காலத்தில் உங்கள் நிறுவனமே கேட்டு வாங்கிய தலைப்பாம் அது.

நான் நிருபராகத் தலைமைச் செயலகத்துக்குப் போகவில்லை. இது என் வீட்டு விஷயம், இந்தச் செய்தியை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொல்லி லீவு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டுக்காரர் கொசுவுக்கு முடியவில்லை என்று கேட்பது நீங்கள்தான் முதல் ஆள் என்றார். பத்திரிகை அட்டையைப் பையிலேயே வைத்துவிட்டு, மற்றவர்களோடு நீள பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உயரமான ஜன்னல்கள். வெளியே மழை வருவதும் போவதுமாக இருந்தது. கண்ணாடி வழியே விழுந்த வெளிச்சம் தரையில் தண்ணீர்போல் அசைந்துகொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஏதோ பாலத்துக்காக வந்தவர். பாலம் காத்திருக்கும் அம்மா, ஆறு எங்கே போய்விடப் போகிறது என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அந்தத் தூக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கனவில் அதே பெஞ்சில் உங்கள் கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரீங்காரம்கூட இல்லை, அவ்வளவு மரியாதை. உள்ளறைக் கதவு திறக்கும், யாரோ எட்டிப் பார்ப்பார்கள், மூடும். அடுத்த முறை திறக்கும்போது முன்பு இருந்தவை போய் அவற்றின் பிள்ளைகள் இருந்தன. அதற்கடுத்து பேரப்பிள்ளைகள். கடைசியாகப் பெயர் சொல்லி அழைத்தபோது பெஞ்சில் வெறும் ஈரம் மட்டும் இருந்தது. சேவகர் என் தோளைத் தொட்டு, உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றார்.

அந்த ஈரம் மனதில் இருந்ததால்தானோ என்னவோ, தயார் செய்துவைத்திருந்த எதையும் நான் துணைச் செயலரிடம் சொல்லவில்லை. வெளியே இருக்கும் கொசு, அடிக்கிற மருந்துக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க, மருந்தையே அறியாத கொசு ஒன்று பக்கத்தில் வேண்டும், அது எங்கள் ஊரில் அந்த ஒரு அறையில்தான் வம்சம் வம்சமாக இருக்கிறது என்றேன். மலேரியாக் காய்ச்சல் திரும்பி வந்தால் எந்தக் கொசு மருந்து வேலை செய்யும் என்று கேட்க வேறு ஆளில்லை என்றேன். குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு எடுக்க முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான், கல்யாணமான புதிதில் நானும் உங்களிடம் அதையே கேட்டேன். இந்தக் கொசுவின் முட்டை உறையவைத்தாலும் பிழைக்காது, காயவைத்தாலும் பிழைக்காது, ஒரு தலைமுறை விட்டுப்போனால் போனதுதான் என்று நீங்கள் அன்று சொன்னதைத்தான் சொன்னேன்.

பிறகு அந்த அறையைப் பற்றிச் சொன்னேன். இரவில் பறப்பதைப் பகலில் பார்ப்பதற்காக நீங்கள் பொழுதைத் திருப்பி வைத்திருப்பதை. காலையில் விளக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்து அந்தியை இறக்குவதை. வெளியே உச்சி வெயில் ஏறும்போது உள்ளே அவை எழும்பி ஒரு சின்னப் புகைமண்டலமாக ஆடுவதை. மற்றவர்கள் புதுப்பெண்டாட்டியை மலைக்குக் கூட்டிப் போவார்கள், என்னை அங்கேதான் கூட்டிப் போனீர்கள் என்றதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபின் பேனாவை மூடிவைத்து மெதுவாகச் சொன்னார்: “அப்போ இது உபகரணம் இல்லம்மா. இது உயிர்.”

தலைப்பை மாற்றச் சொல்லி அவரே குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

இனி உங்கள் நலம்.

சின்னவள் நேற்று போனில் சொன்னாள், இந்த வெயிலில் அப்பா முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருகிறார் என்று. கேட்டதற்கு வேலை செய்யும் இடத்தில் குளிர் என்றீர்களாம். அந்த அறையில் குளிர் ஏது? கொசுவுக்காக வேர்க்க வேர்க்க வைத்திருக்கும் அறை அல்லவா? ஒருவர் சொன்னதை வைத்து நான் எதையும் எழுதுவதில்லை. அதனால் கொசுக்களுக்கு ஆட்டு ரத்தம் அனுப்புகிறவரைக் கூப்பிட்டேன். பாக்கி வராததால் போன மாதமே அனுப்புவதை நிறுத்திவிட்டோம் என்றார், பாவம், அவரும் வருத்தப்பட்டார். ரத்தம் குடிக்காமல் அவை முட்டையிடா. முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன என்று நீங்களே சொன்னீர்கள். இரண்டு தரப்பிலும் உறுதியாகிவிட்டது. மூன்றாம் தரப்பு நீங்கள். மறுப்பு எழுதினால் வாங்கிக்கொள்வேன், நம்ப மாட்டேன்.

அங்கேயே பிறந்து வளர்ந்த, நோயில்லாத கொசுக்கள் என்று எனக்கும் தெரியும். உங்களுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்னதும் தெரியும். அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கோபம் இல்லை. கூண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அந்த அந்தியில் தனியாக நீங்கள் நிற்பதை நினைத்தால்தான் என்னவோபோல் இருக்கிறது.

சின்னவள் வைக்கும் கீரையை ஒதுக்காமல் சாப்பிடுங்கள். மாத்திரையைப் போடுங்கள். இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதம் காலையில் கைக்கு வந்துவிடும், நாளை ஒரு நாள் அவற்றுக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் வையுங்கள், தாங்கும். நாளை இரவு வந்துவிடுவேன். மறுநாள் காலை நீங்கள் விளக்கைத் தணிக்கும்போது கூட இருப்பேன். எனக்கு ரத்தம் நிறையவே இருக்கிறது, கையும் இரண்டு இருக்கிறது. அதுவரை உங்கள் கை கூண்டுக்கு வெளியே இருக்கட்டும்.

நிலுவையில் இருப்பவை: தலைப்பு மாற்றத்துக்குச் செயலரின் கையெழுத்து, அவர் பயணத்திலிருந்து திரும்பும் திங்கட்கிழமை. பணத்தை விடுவிப்பது பற்றிக் குழுவின் முடிவு, புதன்கிழமை மாலை. என்ன முடிவு என்று யாரும் சொல்லவில்லை, நானும் ஊகிக்கவில்லை.

உங்கள்,
வீட்டுக்காரி