தலையாட்டினாய் என்றார்கள்

அக்கா,

நேற்றுக் காலை என் மகள் அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டாள். பிளாஸ்திரியைப் பிரித்ததும் அந்த வாசனை. எனக்கு உன் கண்தான் நினைவுக்கு வந்தது. பொழுது சாயச் சாய மூடிக்கொள்ளும் இமையைத் தூக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வாய். "ஷட்டர தூக்கிட்டேன், கடை தொறந்தாச்சு" என்பாய்.

காலையில் நீ பேசினால் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை கேட்கும். மத்தியானத்துக்கு மேல் குரல் மூக்கில் போகும். விளக்கு வைக்கும்போது தாடையைக் கையால் தாங்கினால்தான் வாய் மூடும். ஊருக்கு அது போதுமாயிருந்தது. "பாவம், புத்தி மங்கிப்போச்சு" என்று உன் எதிரிலேயே என்னிடம் சொன்னார்கள். உனக்குச் சோறு வேண்டுமா என்பதைக்கூட என்னைத்தான் கேட்டார்கள்.

உன் புருஷன் இரண்டாம் கல்யாணத்துக்குக் கிளம்பினான். அந்த ஆளை மாமா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சம்மதித்தால் போதும் என்றது பஞ்சாயத்து. அவன் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து வர வேண்டுமாம், அதனால் சாயங்காலம் கூடினார்கள். காலையில் வையுங்கள், அக்கா நன்றாகப் பேசுவாள் என்று கெஞ்சினேன்.

"புத்தி இன்னாம்மா, காலையில வந்துட்டு சாயங்காலம் போற பாசஞ்சரா?" என்றார் ஊர்ப் பெரியவர். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நீ தாடையைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தாய். காற்றுதான் வந்தது. கழுத்து தளர்ந்து தலை முன்னால் தொங்கியது.

"தல ஆட்டிட்டாப்பா! சம்மதம்தான்!" என்றான் உன் புருஷன். நான் கத்தினேன். பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

விடிந்ததும் நீ தெருவில் நின்று கணீரென்று சொன்னாய்: "நான் தல ஆட்டல. அது தானா சாஞ்சுது."

முடிந்ததை முடிந்ததாக விடு என்றார்கள்.

பிறகு பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உன்னையே நேராகப் பார்த்துப் பேசினார். நரம்பு சொல்வது தசைக்கு எட்டவில்லை, மூளைக்கு ஒன்றுமில்லை என்றார். "அத்த நான் அன்னிக்கு காலையிலேயே சொன்னேனே" என்றாய். அதற்குள் உன் அடுப்பில் வேறொருத்தி உலை வைத்திருந்தாள்.

நீ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் என் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். பிளாஸ்திரி விரலை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "பொண்ணு தல ஆட்டிடுச்சு, தட்ட மாத்துங்க" என்றார் ஒருவர். தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தேன்.

"வாயால சொல்லட்டும். காலையில கேக்கறேன். நீங்க போய்ட்டு வாங்க."

அவர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். இன்று விடிந்ததும் கேட்டேன், அக்கா. கணீரென்று சொன்னாள்: "வேணாம்மா."