சுவரை உரசிய சிவப்புக் கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

மோடெனாவில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? காய்ந்த தக்காளி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே எல்லாவற்றிலும் வெண்ணெய்தான்.

சிசிலிப் பந்தயத்தில் சிவப்புக் கார் ஒன்று நம் வீட்டுச் சுவரை உரசிப் போன கதையை கார்ப் பட்டறை முதலாளி எர்மெஸிடம் ஆசையாகச் சொல்லியிருந்தேன். போன வாரம், எந்தப் பந்தயத்திலும் ஓடாத ஒரு பழைய காருக்கு நான் அடித்துக் கொடுத்த புதுத் தகட்டில், அவரே சுத்தியலால் ஒரு பள்ளம் போட்டார். வாங்க வந்தவரிடம், "சிசிலிப் பந்தயத்துல வாங்குன அடி சார். நம்ம சாரோ வீட்டுச் சுவர்தான், அவனையே கேளுங்க," என்று என் தோளில் கைபோட்டார்.

ஈஸ்டருக்கு எர்மெஸும் வாங்க வந்தவரும் சுவரைப் பார்க்க வருகிறார்கள். ஊருக்கே நீங்கள் காட்டும் கீறல், அழிக்க மனசு வராதுதான். ஆனாலும் அதற்குள் பூசி வெள்ளையடித்துவிடுங்கள். நம் சுவர் அந்தப் பொய்க்குச் சாட்சியாக வேண்டாம்.

எர்மெஸ் கூப்பிடுகிறார்.

உங்கள் சாரோ