வண்டி யார் பேரில்

அண்ணே,

நேற்று பெரியார் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் திரும்பிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. காற்றில் சருகு பறந்துவந்து என் மடியில் விழுந்தது. பக்கத்திலிருந்த பெண் முகத்தைச் சுளித்துத் தன் சேலையைத் தட்டிவிட்டாள். நான் தட்டவில்லை. வீடு வரும்வரை அந்த வாசனையோடு உங்களைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நமக்குள் என்ன உறவு என்று யாராவது கேட்டால் சொல்லுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் போனபோது, எங்கள் குட்டியானையை விலைக்கு வாங்கியவர் நீங்கள். மகளிர் குழுக் கடனில் எடுத்த வண்டி என்பதால் அது என் பேரில் இருந்தது. நீங்கள் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேரை நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்தீர்கள். அதோடு இரண்டு பேருமே மறந்துபோனோம்.

மகளிர் உரிமைத் தொகைக்கு மனுக் கொடுத்தபோதுதான் அது திரும்பி வந்தது. குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் மனு நிராகரிக்கப்பட்டது என்று போனுக்குச் செய்தி. தாலுகா அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டி எண், அதற்கு நேராக என் பெயர்.

"வித்துட்டோம் சார். அவருக்கு நடக்கவே முடியாது. வண்டிய வச்சு நாங்க என்ன செய்யப் போறோம்?"

"வித்தது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்லம்மா. பேர மாத்திட்டு மறுபடி மனுக் குடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு ரவிக்கை தைத்து வருகிற கூலியில் பாதி மாத்திரைக்கே போய்க்கொண்டிருந்தது. கார் வைத்திருக்கிற வீட்டம்மாக்களோடு சேர்த்து என்னையும் ஒதுக்கிவிட்டார்களே என்று படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பஸ் ஏறிச் சமயநல்லூர் வந்தேன். உங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வாசலில் வண்டி நின்றது. கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்த என் மகள் பெயரை நீங்கள் அழிக்கவில்லை.

"வா தாயி. அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு, "என் தப்புதான். நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்" என்றீர்கள்.

அதற்குள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி மதினி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருந்தாள்.

"பேர மாத்துனா எனக்கு வாரது நின்னு போகும். அது தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது, அண்ணே. சத்தியமாக அந்த நிமிஷம்வரை அது எனக்குத் தோன்றவேயில்லை. வண்டி உங்கள் பேரில் இல்லாததால் மதினிக்கு மாதாமாதம் தொகை வந்துகொண்டிருந்தது. என் பேரில் இருந்ததால் எனக்கு வரவில்லை. ஒரே வண்டி.

"இவுக என்ன கார்லயா சவாரி போறாக? வெங்காயம் ஏத்துற வண்டிய வச்சிருந்தா நாங்க பணக்காரவுகளா?" என்று மதினி கேட்டாள். அவள் கேட்டதும் நியாயந்தான்.

நான் எழுந்துவிட்டேன். "வேணாம்ணே. நான் வேற மாதிரி எழுதிக் குடுத்துப் பாக்குறேன்."

"உக்காரு தாயி." உங்கள் குரல் உயரவில்லை. மதினியைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்: "வண்டிய ஓட்டுறது நானு. அதுல வார சோத்தத் திங்கிறது நாம. பேரு மட்டும் அந்தப் புள்ள தலையில கெடந்தா எப்படி?"

"அப்ப எனக்கு?"

"நிக்காட்டி நல்லது. நின்னா, அப்புறம் பாப்போம்."

மதினி உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் விழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. எனக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை நீங்களே வண்டியில் கொண்டுவந்து விட்டீர்கள். "அவ கோவம் நிக்காது, போயிரும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

சொன்னபடியே அந்த வாரம் லோடு ஒன்றை விட்டுவிட்டு வந்தீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வரிசையில் என்னை நிற்கவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்து, கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டீர்கள்.

அதன் பிறகு மறுபடி மனுக் கொடுத்தேன். விசாரிக்க வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். வாடகை வீடா, நிலம் உண்டா, கரண்டு எம்புட்டு ஓடுது, வேறு வருமானம் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அன்று என் வீட்டுப் பொருட்களை எல்லாம் யாரோ போல நானே பார்த்தேன். மிக்சி, பழைய ஃபிரிட்ஜ், கட்டிலில் படுத்திருக்கிற மனிதர். அந்தப் பெண்ணின் பார்வை தையல் மெஷின் மேல் போனதும் நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"மேடம், இதுவும் சொத்துல வருமா?"

அவர் சிரித்துவிட்டார். "இது சொத்து இல்லக்கா. தைங்க."

முதல் தொகை வந்ததும் உங்களுக்குத்தான் போன் செய்தேன். மதினிக்கு எப்படி என்று கேட்டபோது, "வந்துக்கிட்டுத்தான் இருக்கு, நீ கவலப்படாத" என்றீர்கள். சில மாதம் கழித்து நீங்களே கூப்பிட்டீர்கள். "நின்னுபோச்சு தாயி. உன் மதினி எங்கூடப் பேசுறதில்ல. சோறு மட்டும் வைக்கிறா" என்று சொல்லிச் சிரித்தீர்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்தேன். பிழைப்புக்காகச் சரக்கு ஏற்றுகிற வண்டி, சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று மதினி பேரில் மேல்முறையீடு எழுதினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். ஆனால் கிளம்பும்போது காப்பி வந்தது.

அந்த மனுவுக்குப் பதில் வரும்முன்பே நீங்கள் போய்விட்டீர்கள். மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார்கள். காரியத்துக்கு வந்திருந்த கூட்டத்தில் நான் ஓரமாக நின்றேன். மதினி என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பிறகு வாரிசுச் சான்று வாங்கவும் வண்டியை விற்கவும் நான் கூடப் போனேன். வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்குமுன் பேரை மாற்ற வேண்டும் என்று மதினி ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்தது, அந்த உரிமைத் தொகைக்குப் பதிலாக, விதவை உதவித்தொகை. அதற்கு வேறு கணக்கு. சொத்து இருக்கக் கூடாது, தாங்குவதற்கு ஆளும் இருக்கக் கூடாது. மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தது, அவள் வாடகை வீட்டில் இருப்பது எல்லாவற்றையும் மதினி விசாரித்த அதிகாரியிடம் சொன்னாள்.

"ஒங்களப் பாத்துக்க வேற யாரும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல சார்."

அவர் என்னைப் பேனாவால் காட்டினார். "அப்ப இவங்க யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி சொல்லிவிட்டாள். "என் நாத்தனா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். தாங்க ஆள் இருக்கிறது என்று எழுதிவிடுவாரோ என்று பயந்தேன். "சொந்தம் இல்ல சார், நாங்க வண்டி வித்தவங்க..." என்று உளறினேன். மதினி என் கையை அழுத்தினாள்.

"காசு குடுக்குற சொந்தம் இல்ல சார். அவளே கஷ்டப்படுறவ. கூட வார சொந்தம்."

அவர் ஒரு நொடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு குனிந்து, ஆதரவு இல்லை என்றே எழுதினார். போன மாதம் உத்தரவு வந்தது, அண்ணே. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கூடப்பிறந்தவர்கள் இல்லாமல் வளர்ந்தவள். எனக்கு ஒன்று கிடைக்கும்போது அது யாரிடமிருந்து நின்றுபோகிறது என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்கள் வாசலில் நின்றபோதுதான் அதைத் தெரிந்துகொண்டேன். இப்போது எந்த மனுவில் கையெழுத்துப் போட்டாலும் அந்த யோசனை வருகிறது.

மதினி வெள்ளிக்கிழமை ரவிக்கைத் துணியோடு வருகிறாள். தையல் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கூலி வாங்காவிட்டால் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாளாம். போனிலேயே பாதிச் சண்டை முடிந்துவிட்டது. மீதிக்குக் காத்திருக்கிறேன்.